வெளி ஸ்டேட்ல ஸ்பீடிங் டிக்கெட்: கட்டிடறதா, கோர்ட்ல நிக்கறதா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் கீழ சொல்றது புரியும். நியூ ஜெர்ஸி லைசென்ஸ், எச்1பி-ல இருக்கீங்க, தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு குடும்பத்தோட ஃப்ளோரிடா கிளம்பி ஐ-95ல போயிட்டிருக்கும்போது, வர்ஜீனியா முடியப்போற இடத்துல, நார்த் கரோலைனா பார்டருக்கு கொஞ்சம் முன்னாடி ட்ரூப்பர் (ஸ்டேட் போலீஸ்) ஓரங்கட்டிட்டார். மணிக்கு 70 மைல் லிமிட்ல 83. ஃபைன், கோர்ட் செலவு எல்லாம் சேத்து 170 டாலர் சொச்சம் வருது. கோர்ட் தேதி ஜனவரில, வீட்டுலேர்ந்து 350 மைல். இதுக்கு பத்து மாசம் முன்னாடி நியூ ஜெர்ஸியிலேயே ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கி 4 பாயிண்ட் (தப்புக்கு லைசென்ஸ் ரெக்கார்ட்ல ஏத்தற கெட்ட மார்க்) ஏறியிருக்கு. நியூயார்க்ல இருக்கற ஃப்ரெண்ட் "கட்டிட்டு மறந்துடு, ஒண்ணும் ஆகாது"ங்கறார், ரூம்மேட்டா இருந்தவர் "கட்டாத, வெளி ஸ்டேட்காரன் என்ன பண்ணிடுவான்"ங்கறார், ஆபீஸ்ல ஒருத்தர் "கோர்ட்டுக்கு போ, போலீஸ் வரமாட்டான், கேஸ் தள்ளுபடி"ங்கறார். யார் பேச்சை கேக்கறதுன்னு தெரியல.

நான் வக்கீல் கிடையாது. இந்த நாட்டுல இருபது வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு, ஏழு ஸ்டேட்ல குடியிருந்தாச்சு, சொந்தமா மூணு டிக்கெட் (மூணுமே வீட்டுலேர்ந்து ரொம்ப தூரத்துல), அது போக தெரிஞ்சவங்க டிக்கெட்டுக்கு கூட உக்காந்து க்ளார்க் ஆபீஸுக்கு போன் போட்டது கணக்கே இல்ல. அந்த அனுபவத்துலேர்ந்து சொல்றேன்.

உங்க ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் பொய் சொல்லல. அவங்கவங்க ஊர்ல அவங்கவங்களுக்கு நடந்ததை சொல்றாங்க. சிக்கல் என்னன்னா, வெளியூர் டிக்கெட்ல ரெண்டு ஸ்டேட் சட்டம் சம்பந்தப்படுது. டிக்கெட் எழுதின ஸ்டேட் உங்களை குற்றவாளின்னு சொல்லுமா சொல்லாதான்னு முடிவு பண்ணும், லைசென்ஸ் குடுத்த ஸ்டேட் அதுக்கு என்ன தண்டனைன்னு தனியா முடிவு பண்ணும். அதனால "நான் தப்பு பண்ணேனா இல்லையா"ன்னோ "170 டாலர் ஜாஸ்தியா"ன்னோ யோசிச்சா வழி கிடைக்காது. இந்த டிக்கெட் வீடு வந்து சேரும்போது என்னவா மாறும்னு பாருங்க. அதை வச்சுதான் முடிவு எடுக்கணும், அது ஆளுக்கு ஆள் மாறும்.

நியூயார்க் நண்பர் கதையை எடுத்துக்குவோம். பெரும்பாலான ஸ்டேட்டுங்க டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட்னு ஒரு ஒப்பந்தத்துல இருக்கு, ஒரு ஸ்டேட்ல குற்றவாளின்னு தீர்ப்பாகி கன்விக்‌ஷன் ஆனா சொந்த ஸ்டேட்டுக்கு தகவல் போயிடும். ஜார்ஜியா, விஸ்கான்சின், மாசசூசெட்ஸ், மிச்சிகன், டென்னஸி இதுல சேரலன்னு சொல்வாங்க, ஆனா சேராததுனால தகவலே போகாதுன்னு நினைச்சுக்க வேண்டாம், வேற வழியில போகும். தகவல் வந்ததுக்கு அப்புறம் சொந்த ஸ்டேட் என்ன பண்ணுதுங்கறது அவங்க இஷ்டம். நியூயார்க் டிஎம்வி (லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ்), வேற ஸ்டேட்ல வாங்கின சாதாரண ஸ்பீடிங்குக்கு பாயிண்ட் போடறதில்ல, கனடாவுல ஆன்டாரியோ, க்யூபெக் ரெண்டுக்கு மட்டும் போடுவாங்க (ஏன் இந்த ரெண்டுன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரங்க, தனி ஒப்பந்தம்). அதனால அவர் கட்டிட்டு மறந்தது அவருக்கு சரி. நீங்க நியூ ஜெர்ஸி. இங்க வெளி ஸ்டேட் மூவிங் வயலேஷன் (வண்டி ஓட்டின விதத்துல பண்ற தப்பு) எதுவா இருந்தாலும் 2 பாயிண்ட்.

இப்ப உங்க கணக்கு என்ன ஆகுது பாருங்க. ஏற்கனவே 4, இதுல 2, மொத்தம் 6. நியூ ஜெர்ஸில மூணு வருஷத்துக்குள்ள 6 பாயிண்ட் தொட்டா எம்விசி (நியூ ஜெர்ஸி லைசென்ஸ் ஆபீஸ்) தனியா சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம் போடும், 6 பாயிண்டுக்கு 150 டாலர், அதுக்கு மேல ஒவ்வொரு பாயிண்டுக்கும் 25. கோர்ட்ல கட்டின ஃபைனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, தனி பில் வீட்டுக்கு வரும். 12 பாயிண்ட் ஆனா லைசென்ஸ் சஸ்பென்ஷன், அது உங்களுக்கு இப்ப ரொம்ப தூரம்தான், ஆனா பாதி வழி வந்தாச்சு. ஒரு வருஷம் எந்த தப்பும் பண்ணாம ஓட்டினா 3 பாயிண்ட் குறைப்பாங்க, உங்களுக்கு அந்த ஒரு வருஷம் முடிய ரெண்டு மாசம்தான் இருந்தது, வயித்தெரிச்சல்தான். டிஃபென்ஸிவ் டிரைவிங் கோர்ஸ் எடுத்தா 2 பாயிண்ட் குறையும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த சலுகை, இன்னும் எடுக்கலன்னா கையில ஒரு துருப்புச்சீட்டு இருக்குன்னு வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, கோர்ஸ் பாயிண்டைத்தான் குறைக்கும், கன்விக்‌ஷன் ரெக்கார்ட்லேர்ந்து அழியாது. இன்சூரன்ஸ்காரன் பாக்கறது அந்த கன்விக்‌ஷனை.

போன டிக்கெட் இல்லாம இதுதான் உங்க முதல் டிக்கெட்டா இருந்திருந்தா, நானே சொல்லியிருப்பேன், ஆன்லைன்ல கட்டிட்டு கோர்ஸ் எடுத்து 2 பாயிண்டையும் துடைச்சுட்டு வேலையை பாருங்கன்னு. உங்களுக்கு அப்படி சொல்ல மாட்டேன். அதே ரோடு, அதே 83, ஆள்தான் வேற.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வழி சொல்றேன், இது எனக்கு ஒரு ஏஜென்ட் சொல்லிக்குடுத்தது. உங்க கம்பெனிக்கே போன் போட்டு "எனக்கு டிக்கெட் வந்தா எவ்வளவு ஏறும்"னு கேக்காதீங்க. வேற ரெண்டு மூணு கம்பெனி சைட்ல உங்க வண்டி, உங்க வயசு, உங்க ஏரியா போட்டு ஒரு கோட் (எவ்வளவு ஆகும்ங்கற விலை) எடுங்க, ஒரு தடவை ஒரே ஒரு ஸ்பீடிங் மட்டும் காட்டி, இன்னொரு தடவை ரெண்டு ஸ்பீடிங் காட்டி. ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசத்தை மூணு வருஷத்துக்கு பெருக்குங்க, ஏன்னா நிறைய கம்பெனிங்க மூணு வருஷம் பின்னோக்கி பாக்கும். வர்ற தொகைதான் உங்க டிக்கெட்டோட உண்மையான விலை, 170 இல்ல. ஒரு டிக்கெட்டுக்கும் ரெண்டாவது டிக்கெட்டுக்கும் நடுவுலதான் பெரிய தாவல் இருக்கும், முதலாவதை சில கம்பெனி கண்டுக்காம விடும், ரெண்டாவதை யாரும் விடறதில்ல.

நான் இந்த பாடத்தை காசு குடுத்து கத்துக்கிட்டேன். வந்த புதுசுல, வாடகை வண்டில ஒரு சின்ன ஊரை கடக்கும்போது மாட்டினேன், 45 திடீர்னு 30 ஆகற இடம். தபால்ல செக் அனுப்பிட்டு "அப்பாடா முடிஞ்சுது"ன்னு இருந்தேன். கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதா அர்த்தம்னே அப்ப தெரியாது, ஏதோ பார்க்கிங் டிக்கெட் மாதிரின்னு நினைச்சேன். ஆறு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ் ரின்யூவல் வந்தப்பதான் உறைச்சுது. கட்டிட்டா வழக்கமா அதோட கதவு மூடிடும், திரும்ப திறக்கறது படாத பாடு. அதனால நீங்க முடிவு பண்றவரைக்கும் அந்த ஆன்லைன் பேமென்ட் பட்டனை மட்டும் தொடாதீங்க. ட்ரூப்பர் குடுத்த பேப்பர்ல கையெழுத்து போட்டேனேன்னு பயப்படாதீங்க, அது தேதிக்கு வரேன், இல்ல முன்னாடியே கட்டிடறேன்னு குடுக்கற உறுதிதான், தப்பை ஒத்துக்கிட்டது ஆகாது.

ரூம்மேட் சொன்னது, கட்டாம விடறது. இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க, மத்த எந்த வழியும் இதைவிட மேல். 1977லேர்ந்து நான்ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட்னு இன்னொரு ஒப்பந்தம் இருக்கு, அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன், மான்டானா, ஆரிகன், விஸ்கான்சின் தவிர மத்த 44 ஸ்டேட்டும் டிசியும் அதுல இருக்கு. வெளியூர் டிக்கெட்டுக்கு பதில் சொல்லாம விட்டா, அந்த ஸ்டேட் சொந்த ஸ்டேட்டுக்கு எழுதும், சொந்த ஸ்டேட் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், அங்க போய் கணக்கை தீத்துட்டு வந்தாதான் விடுவாங்க. சேராத ஸ்டேட்ல மாட்டினா தப்பிச்சோம்னும் இல்ல, அந்த ஸ்டேட்ல உங்க ஓட்டற உரிமையை நிறுத்துவாங்க, அது நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர்ல ஏறும், அப்புறம் நீங்க எந்த ஸ்டேட்ல லைசென்ஸ் ரின்யூ பண்ணப் போனாலும் கவுன்டர்ல "அந்த ஊர்ல ஏதோ பாக்கி இருக்கே"ன்னு திருப்பி அனுப்புவாங்க. எச்1பி-ல இருக்கறவங்களுக்கு லைசென்ஸ் தேதி ஸ்டேட்டஸ் தேதியோட கட்டியிருக்கும், அடிக்கடி ரின்யூ பண்ண நிக்கணும், அதனால மத்தவங்களுக்கு பத்து வருஷம் கழிச்சு வெடிக்கறது நமக்கு ரெண்டாவது வருஷமே வெடிக்கும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான், லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனதே தெரியாம ஏழு மாசம் ஓட்டியிருக்கார், பழைய வீட்டு அட்ரஸுக்கு லெட்டர் போயிருக்கு, ஒரு நாள் டெயில் லைட் எரியலன்னு நிறுத்தின போலீஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது. டெயில் லைட்டுக்கு நிறுத்தினது சஸ்பெண்டட் லைசென்ஸ்ல ஓட்டின கேஸா மாறிடுச்சு, அது பல ஸ்டேட்ல கிரிமினல். வர்ஜீனியாவை பொறுத்தவரைக்கும், நீங்க போகாட்டியும் நீங்க இல்லாமலே கேஸை நடத்தி கில்ட்டின்னு எழுதிடலாம், எழுதினது நியூ ஜெர்ஸிக்கு வந்துடும்.

ஆபீஸ்காரர் சொன்ன "போலீஸ் வரமாட்டான்" கதை. இது எல்லா ஊர்லயும் உலாவற கதை, சில இடத்துல நடக்கவும் செய்யும். ஆனா நடைமுறை என்னன்னா, ஒவ்வொரு ட்ரூப்பருக்கும் கோர்ட் நாள்னு வச்சிருப்பாங்க, அவர் எழுதின டிக்கெட் எல்லாத்தையும் அந்த ஒரே நாள்ல போட்டுடுவாங்க. அவர் உங்க ஒருத்தருக்காக வரல, நாப்பது பேருக்காக வர்றார், அதுவும் டியூட்டி நேரத்துல. வரலைன்னாலும் ஜட்ஜ் தேதியை தள்ளி வைக்கலாம், அப்ப திரும்ப 350 மைல். எனக்கு ரெண்டாவது டிக்கெட் விழுந்தப்ப நான் இப்படித்தான் வீராப்பா 400 மைல் போனேன், முந்தின நாள் ராத்திரி மோட்டல்ல தங்கி, டை கட்டிக்கிட்டு காலைல எட்டு மணிக்கே போய் உக்காந்தா, ட்ரூப்பர் எனக்கு முன்னாடி வந்து காபி குடிச்சிட்டு இருக்கார். தோத்தேன். ஃபைன் அப்படியே, பெட்ரோல், மோட்டல், ஒரு நாள் லீவு எல்லாம் தனி. திரும்பி வர்ற வழி பூரா 64 மைல் வேகத்துல க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுட்டு வந்தேன், அது மட்டும்தான் லாபம்.

ஏன் தோத்தேன்னு சொன்னா உங்களுக்கு பிரயோஜனப்படும். எல்லாரும் அந்த வேகத்துலதான் போனாங்கன்னு சொன்னேன். அதாவது நானும் போனேன்னு என் வாயாலேயே ஒத்துக்கிட்டேன். டிக்கெட்ல வண்டி கலர் தப்பா இருக்குன்னு சொன்னேன், ஜட்ஜ் சிரிக்கக்கூட இல்ல. சின்ன எழுத்துப்பிழை, கலர் தப்பு இதெல்லாம் கேஸை உடைக்காது, வேற ஆளோட கேஸோன்னு சந்தேகம் வர்ற அளவுக்கு தப்பு இருந்தாதான் அதுக்கு மதிப்பு.

உண்மையான டிஃபென்ஸ் கருவியில இருக்கு. வேகத்தை எப்படி அளந்தாங்கன்னு டிக்கெட்ல எழுதியிருக்கும், ரேடாரா, லைடாரா (லேசர் கருவி), இல்ல பின்னாடியே ஓட்டிட்டு வந்து தன்னோட ஸ்பீடோமீட்டரை பாத்து சொன்னாரான்னு. வர்ஜீனியா சட்டத்துல கருவியோட கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஆறு மாசத்துக்கு மேல செல்லாது, அந்த சர்டிஃபிகேட் கோர்ட்ல இருக்கணும். தேதி தாண்டியிருந்தா கேஸ் விழும். நடக்குமான்னு கேட்டா, அபூர்வம், ஆனா பாக்கற பழக்கம் இருக்கற வக்கீல் முதல்ல அதைத்தான் பாப்பார். ரேடார் கதிர் தூரம் போகப்போக நல்லா விரியும், பக்கத்துல பெரிய ட்ரக் போனா எதோட வேகம்னு கேள்வி எழுப்பலாம். லைடார் அப்படி இல்ல, ஆயிரம் அடி தூரத்துல கூட மூணு அடி அகலம்தான், ஒரே வண்டியை குறிவச்சு அடிக்கும், அதை எதிர்த்து பேசறது கஷ்டம். யூடியூப்ல கோசைன் எரர்னு ஒருத்தர் பெருசா பேசுவார், கேட்டுட்டு போய் நின்னுடாதீங்க, போலீஸ் வண்டி நின்னுக்கிட்டு இருந்து கோணத்துல அளந்தா கருவி உங்க வேகத்தை குறைச்சுத்தான் காட்டும், அதாவது உங்களுக்கு சாதகமா ஏற்கனவே தப்பு பண்ணியிருக்கு. போலீஸ் வண்டி ஓடிக்கிட்டே அளந்திருந்தா மட்டும் கதை வேற மாதிரி போகலாம்.

வர்ஜீனியாவுல இன்னொரு வழி இருக்கு, வெளியூர்க்காரங்க நிறைய பேருக்கு தெரியாது. உங்க வண்டி ஸ்பீடோமீட்டரை ஒரு கடையில டெஸ்ட் பண்ணி பேப்பர் வாங்கினா கோர்ட்ல அதை ஏத்துக்கணும்னு அங்க சட்டத்துலேயே இருக்கு. உங்க மீட்டர் நாலு மைல் குறைச்சு காட்டுதுன்னா, நீங்க 79ன்னு நினைச்சு ஓட்டியிருக்கீங்கன்னு அர்த்தம், அது தண்டனையை தீர்மானிக்கறப்ப எடுபடும். டயர் சைஸ் மாத்தியிருந்தா கண்டிப்பா டெஸ்ட் பண்ணி பாருங்க. மீட்டர் சரியாவே இருந்தா அந்த பேப்பரை மடிச்சு வீட்டுலேயே வச்சுடுங்க.

"இது பணம் பறிக்கத்தான் நிறுத்தறாங்க, ஊர் பூரா இதே தொழில்"னு நீங்க கோவமா எழுதியிருந்தீங்க. அப்படி ஊருங்க இருந்திருக்கு, இல்லன்னு சொல்லல. ஒஹாயோவுல நியூ ரோம்னு சுமார் அறுபது பேர் குடியிருந்த கிராமம், டிக்கெட்லயே ஓடுச்சு, கடைசில 2004ல கோர்ட்டே அந்த கிராமத்தை கலைச்சுது. ஃப்ளோரிடாவுல வால்டோங்கற ஊர்ல 2014ல போலீஸ் டிபார்ட்மென்ட்டையே மூடிட்டாங்க. ஆனா ஜனவரி மாசம் காலைல அந்த ஜட்ஜ் முன்னாடி இதை பேசி யாரும் ஜெயிச்சதில்ல. கோவத்தை கார்லயே விட்டுட்டு உள்ள போகணும்.

ஒரு விஷயத்துல நீங்க அதிர்ஷ்டசாலி, அதை சொல்லியே ஆகணும். டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கம் எஸ்எச்-130னு ஒரு டோல் ரோடு, அங்க லிமிட்டே 85, நாட்டுலேயே அதுதான் உச்சம். அதே 85ல ஜார்ஜியாவுல போய் மாட்டினா சூப்பர் ஸ்பீடர், சாதாரண ஃபைனுக்கு மேல ஸ்டேட் தனியா 200 டாலர் கேக்கும், வெளியூர்க்காரனுக்கும் சேத்துத்தான். இன்னும் ஒரே ஒரு மைல் கூட்டி 86ல வர்ஜீனியாவுல மாட்டினா அது ரெக்லஸ் டிரைவிங், டிக்கெட்டே இல்ல, கிளாஸ் 1 மிஸ்டிமீனர், கிரிமினல் கேஸ், சட்டப்படி 12 மாசம் ஜெயில் வரைக்கும், 2500 டாலர் ஃபைன் வரைக்கும் போகலாம். 85க்கு மேல போனாலும் சரி, லிமிட்டை விட 20 ஜாஸ்தி போனாலும் சரி, ரெண்டுல எது நடந்தாலும் போதும். 2020 ஜூலைக்கு முன்னாடி 80க்கு மேல போனாலே இது, அப்ப உங்க 83 கிரிமினல் ஆயிருக்கும். இந்த மாதிரி கேஸ் வந்தா நான் மேல சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது, யோசிக்காம உள்ளூர் வக்கீலை பிடிக்கணும், இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும், ஏன்னா விசா ஃபார்ம் டிஎஸ்-160ல எந்த குற்றத்துக்காவது கைதானதுண்டா, தண்டனை ஆனதுண்டான்னு கேள்வி இருக்கு, அங்க ஆமான்னு போடவேண்டி வரும்.

உங்க கேஸ் கிரிமினல் இல்ல, வெறும் இன்ஃப்ராக்‌ஷன். எச்1பி, கிரீன் கார்டு எதுவும் இதனால ஆட்டம் காணாது, ராத்திரி தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 ஃபார்ம் போடும்போது டிக்கெட்டை மறைக்காதீங்க, கேட்டா உள்ளதை சொல்லிடுங்க. குடி, போதை சம்பந்தமில்லாம, கைதும் இல்லாம, ஃபைன் 500 டாலருக்கு கம்மியா இருந்தா டாக்குமென்ட் அனுப்ப வேண்டியதில்லன்னு அந்த ஃபார்மோட வழிகாட்டுக்குறிப்புலேயே இருக்கு. இருந்தாலும் ரசீதை பத்திரமா வைங்க, பத்து வருஷம் கழிச்சு அந்த கவுன்டி கோர்ட்ல தேட முடியாது.

சரி, வக்கீல். டிக்கெட் விழுந்த ரெண்டு வாரத்துல உங்க மெயில்பாக்ஸ்ல வர்ஜீனியா வக்கீலுங்க லெட்டர் கத்தை கத்தையா வந்திருக்கும், கோர்ட் ரெக்கார்ட் பப்ளிக், அதுலேர்ந்து அட்ரஸ் எடுத்து அனுப்பறாங்க, ஏமாத்து வேலை இல்ல. அதுல அந்த கவுன்டி கோர்ட்டுக்கு வாராவாரம் போறவர் யாருன்னு பாருங்க. ரிச்மண்ட்லேர்ந்து பெரிய ஆபீஸ் வச்சிருக்கறவரை விட அந்த ஊர் ஜட்ஜுக்கு முகம் தெரிஞ்ச ஆள்தான் வேணும். போன்ல மூணு கேள்வி போதும். நான் வராம நீங்க மட்டும் ஆஜராக முடியுமா (இன்ஃப்ராக்‌ஷனுக்கு பெரும்பாலும் முடியும்). இந்த ஜட்ஜ் 70ல 83க்கு, வெளி ஸ்டேட் லைசென்ஸ்காரருக்கு வழக்கமா என்ன பண்றார். உங்க ஃபீஸ் மொத்தமா எவ்வளவு, தேதி தள்ளிப்போனா மேல கேப்பீங்களா. இந்த மாதிரி கேஸுக்கு சில நூறு டாலர் ஃப்ளாட் ஃபீஸ் வாங்குவாங்க. "கண்டிப்பா டிஸ்மிஸ் பண்ணித்தரேன்"னு அடிச்சு சொன்னா போனை வச்சுடுங்க.

முக்கியமானது என்னன்னா, நீங்க ஜெயிக்கணும்னு இல்ல. கேஸ் மூவிங் வயலேஷனா முடியாம இருக்கணும், அவ்வளவுதான். வர்ஜீனியாவுல ஸ்பீடிங்கை டிஃபெக்டிவ் எக்விப்மென்ட்டா மாத்தி முடிக்கறது உண்டு, வண்டில ஏதோ பாகம் சரியில்லன்னு அர்த்தம், ஃபைன் அதே அளவு இருந்தாலும் இருக்கும், ஆனா அது ஓட்டின விதத்துக்கான குற்றம் இல்ல. அப்படி முடிஞ்சா நியூ ஜெர்ஸி 2 பாயிண்ட் போட காரணம் இல்லாம போகுது, 6க்கு பதில் 4லேயே நிப்பீங்க. இல்லாட்டி டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் குடுத்தா ஜட்ஜ் கேஸை தள்ளுபடி பண்றதும் உண்டு, ஜட்ஜை பொறுத்தது. இதுக்கு மாறா வேகத்தை மட்டும் 83லேர்ந்து 79ன்னு குறைச்சு குடுத்தா வேண்டாம்னு வக்கீல்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, ஏன்னா நியூ ஜெர்ஸிக்கு 83ம் ஒண்ணுதான் 79ம் ஒண்ணுதான், ரெண்டுக்கும் அதே 2 பாயிண்ட். வர்ஜீனியா லைசென்ஸ்காரனுக்கு அது நல்ல டீல், உங்களுக்கு தண்டம். வெளியூர் கேஸ்ல வக்கீலே மறக்கற விஷயம் இதுதான், உங்க சொந்த ஸ்டேட் ரூல் அவருக்கு தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, நீங்கதான் சொல்லணும்.

வக்கீலுக்கு போன் போடறதுக்கு முன்னாடி கோர்ட் க்ளார்க் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்க, காலைல பத்து மணிக்கு மேல, கோர்ட் கூட்டம் கொஞ்சம் அடங்கினதும். நேர்ல வந்தே ஆகணுமா, தேதியை ஒரு தடவை தள்ளி வைக்க என்ன பண்ணணும், வீடியோல ஆஜராக வழி இருக்கா, கோர்ஸ் பண்ணினா ஜட்ஜ் ஏத்துக்கறாரா. இது நாலும் கேளுங்க. "நான் கில்ட்டி ப்ளீட் பண்ணவா"ன்னு மட்டும் கேக்காதீங்க, அவங்க சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, எரிச்சலாயிடுவாங்க. மரியாதையா பேசினா க்ளார்க் மாதிரி உதவற ஆள் கிடையாது, என் மூணாவது டிக்கெட்டை காப்பாத்தினதே ஒரு க்ளார்க் அம்மாதான், "ஹனி, கோர்ஸ் சர்டிஃபிகேட்டை முன்னாடியே ஃபேக்ஸ் பண்ணிடு"ன்னு அவங்க சொல்லலைன்னா எனக்கு தெரிஞ்சே இருக்காது.

வக்கீல் செலவே வேண்டாம், நானே போறேன்னா, உண்மையை சொல்லணும்னா தடுக்க மாட்டேன், நிறைய இன்ஃப்ராக்‌ஷன் கேஸ்ல அரசு தரப்பு வக்கீலே இருக்க மாட்டார், ட்ரூப்பரே சாட்சி சொல்வார், கேஸ் கூப்பிடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மரியாதையா ஒரு வார்த்தை பேசலாம். தோத்தா பத்து நாளைக்குள்ள சர்க்யூட் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், முதல்லேர்ந்து புது விசாரணை. ஆனா போக வர 700 மைல், ரூம், லீவு எல்லாம் கூட்டிப் பாத்தா வக்கீல் ஃபீஸ் பக்கத்துல வந்து நிக்கும், அவருக்கு அந்த ஜட்ஜ் பழக்கம், உங்களுக்கு இல்ல. பக்கத்துல யாராவது சொந்தக்காரங்க இருந்து பாத்த மாதிரியும் ஆச்சுன்னு போறதா இருந்தா அது வேற.

இதே டிக்கெட் வேற ஸ்டேட்ல விழுந்திருந்தா பேச்சு மாறியிருக்கும், அடுத்த லாங் டிரைவுக்கு உதவும்னு சொல்லி வைக்கறேன், உதவாம இருக்கட்டும். கலிஃபோர்னியாவுல போகவே வேண்டாம், ட்ரையல் பை ரிட்டன் டிக்ளரேஷன்னு எழுத்துலேயே வாதாடலாம், ஃபைன் தொகையை முன்னாடியே கட்டணும், ஜெயிச்சா திருப்பி குடுப்பாங்க, தோத்தாலும் 20 நாளைக்குள்ள புது ட்ரையல் கேக்கலாம், தூரத்துல இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேற எங்கயும் நான் பாக்கல. இல்லினாய்ல கோர்ட் சூப்பர்விஷன், மேரிலாண்ட்ல ப்ரொபேஷன் பிஃபோர் ஜட்ஜ்மென்ட்னு கன்விக்‌ஷன் ஆகாம முடிக்கற வழி இருக்கு, அதை உங்க சொந்த ஸ்டேட்டும் அப்படியே ஏத்துக்குதான்னு மட்டும் பாக்கணும். நியூயார்க் சிட்டியில மாட்டினா பேரமே கிடையாது, அங்க ட்ராஃபிக் வயலேஷன்ஸ் ப்யூரோ ப்ளீ பார்கெய்ன் பண்றதே இல்ல, கில்ட்டி, நாட் கில்ட்டி ரெண்டுதான். கேமரா எடுத்து தபால்ல வர்ற டிக்கெட் முழுக்க வேற ஜாதி, பெரும்பாலும் வண்டி ஓனர் பேர்ல வரும், நிறைய இடத்துல பாயிண்டே கிடையாது, அதுக்கு இவ்வளவு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, திங்கட்கிழமை க்ளார்க்குக்கு போன், அன்னிக்கே ரெண்டு வக்கீலுக்கு போன், ஃபீஸை அந்த இன்சூரன்ஸ் கோட் வித்தியாசத்தோடயும் 150 டாலர் சர்சார்ஜோடயும் வச்சு பாருங்க, என் கணக்குல வக்கீல் பக்கம்தான் சாயும். நியூ ஜெர்ஸி பாயிண்டை குறைக்கற டிஃபென்ஸிவ் டிரைவிங் கோர்ஸை இப்ப அவசரப்பட்டு எடுத்துடாதீங்க, கேஸ் எப்படி முடியுதுன்னு பாத்துட்டு எடுங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு சீட்டுதானே. இப்பவே உக்காந்து அன்னிக்கு நடந்ததை எழுதி வைங்க, எந்த எக்ஸிட் பக்கம், எந்த லேன், சுத்தி என்ன வண்டி, ட்ரூப்பர் என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க, முக்கியமா "சாரி ஆபீஸர், கவனிக்கல"ன்னு சொன்னீங்களா இல்லையா. டாஷ்கேம் இருந்தா அழிஞ்சுடறதுக்கு முன்னாடி காப்பி எடுங்க. எல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு எம்விசி சைட்ல 15 டாலர் கட்டி உங்க டிரைவர் ஹிஸ்டரி அப்ஸ்ட்ராக்ட் எடுத்து பாருங்க, கோர்ட்ல ஒண்ணு முடிஞ்சு ரெக்கார்ட்ல வேற ஏறினதை நானே ஒரு தடவை பாத்திருக்கேன், உடனே கண்டுபிடிச்சா வக்கீல் ஒரு லெட்டர்ல சரி பண்ணிடுவார்.